பனி வந்தால் கொண்டுவரச் சொன்னார்கள்

கொழிஞ்சாம்பாறைச் சந்தையில், மிளகாய் மூட்டைக்கும் மாட்டுக்காரர் கூட்டத்துக்கும் நடுவே, அயோடோபார்ம் வாசனை என்னைப் பிடித்து நிறுத்தியது. அறுத்த காயத்துக்குள் திரியில் தோய்த்து வைப்போமே, அந்த மஞ்சள் மருந்து. முன்னால் ஒரு பெண் வளையல் பார்த்துக்கொண்டிருந்தாள். விடுப்பில் வந்த நர்சாக இருக்கவேண்டும். குளித்திருக்கிறாள், பூ வைத்திருக்கிறாள், ஆனாலும் அது போகவில்லை. போகாது. தோலில் குடியேறிவிடுகிற வாசனை அது. வேலையை விட்டு ஊர் வந்து சேர்ந்த பிறகும் மழைக்காலத்தில் என் உள்ளங்கையிலிருந்து அது எழுந்து வருவதாக எனக்கு ஒரு பிரமை.

வாசனையோடு கோபமும் வந்தது. கையில் காய்கறிப் பையோடு சந்தை நடுவில் நின்று கொதித்தேன். வளையல்காரர், "ஏனுங்க, தலை சுத்துதுங்களா?" என்று கேட்டார். தலை சுற்றவில்லை. சக்குபள்ளம் பக்கத்தில் நான் வேலை பார்த்த மலைச்சரிவு கண்ணுக்குள் வந்து நின்றது. வெயில் அடிக்கிற சரிவு.

புதிதாக நர்சு வேலைக்குச் சேர்ந்திருக்கிற அம்மிணிகளா, ஏதாவது எழுதிக் கொடுங்கள் அக்கா என்று கேட்டீர்கள். கட்டுக் கட்டுவதைப் பற்றியும் கொதிநீரைப் பற்றியும் நான் எழுதப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு நன்றாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரு சொல்லைப் பற்றி. இரண்டே எழுத்து. அந்த இரண்டு எழுத்து ஒரு சிறுமியின் காலை அறுத்தெறிய இருந்தது.

ஏலத்தோட்டங்கள் சில சேர்ந்து நடத்திய சின்ன ஆஸ்பத்திரி அது. பெயர் வேண்டாம். ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், நான். நோயாளிகள் பெரும்பாலும் கம்பம் பக்கத்திலிருந்து மலையேறி வந்த தமிழ்ச் சனங்கள். டாக்டரும் கம்பவுண்டரும் கடலோரத்து மலையாளிகள். நான் எல்லையோரத்துக்காரி. எங்கள் ஊட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். இரண்டும் எனக்குக் காற்றைப் போல.

குருவம்மா அந்த மலைக்கு வந்து அதிக காலம் ஆகாதவள். புருசன் சுமை தூக்கிக்கொண்டு மலைக்கும் கம்பத்துக்கும் நடந்துகொண்டேயிருப்பான். மகள் பேச்சிக்குப் பல் விழுந்து முளைக்கிற வயசு. ஏலச்செடிகளுக்கு நடுவே சறுக்கி விழுந்தாள். மேல்காயம் ஆறிவிட்டது. உள்ளே, முழங்காலுக்குக் கீழே, எலும்பில் சீழ் கட்டிக்கொண்டது. போர்வை பட்டால் கூட அலறினாள்.

டாக்டர் நல்ல கைக்காரர். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி. கம்பவுண்டர் மயக்கமருந்து கொடுக்க, நான் காலைப் பிடித்துக்கொள்ள, ஒரு அசைவு வீணாகாமல் அறுத்தார். செத்துப்போன எலும்புச் சில்லு ஒன்று கிண்ணத்தில் 'ணங்' என்று விழுந்தது. குருவம்மாவைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தோம். அப்போதெல்லாம் அதுதான் வழக்கம், பெற்றவள் வெளியே. அவள் கதவில் வாயை வைத்து, "பேச்சி, பேச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தூரத்தில் மேய்கிற ஆட்டைக் கூப்பிடுவதுபோல, அவசரமில்லாமல், நிறுத்தாமல்.

மயக்கம் தெளிந்து பேச்சி கேட்ட முதல் கேள்வி இது:

"எங்க என் எலும்பு?"

"அது கெட்டுப்போன எலும்பு, கண்ணு."

"கெட்டாலும் என்னோடதுதான? குடுங்க."

டாக்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சில்லைக் கழுவித் தீப்பெட்டியில் போட்டு அவரே கொண்டுவந்து கொடுத்தார். கல்நெஞ்சர் இல்லை. கல்நெஞ்சராக இருந்திருந்தால் என் கோபத்துக்கு வேலை சுலபம்.

அவருக்கு ஒரு பெருமை மட்டும் உண்டு. "எனிக்குத் தமிழ் அறியாம்" என்பார். தமிழ் தெரியுமாம். "ரண்டும் ஒந்நு தன்னே!" இரண்டும் ஒன்றேதான் என்று அவர் கையை வீசிச் சொல்லும்போது எனக்குச் சிரிப்புத்தான் வரும். இன்றைக்கு வராது.

இந்தச் சமயத்தில் மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து என்னைக் கூட்டிப்போனார்கள். மோசமான பிரசவம். பெற்றவள் எழுந்து உட்காரும்வரை அங்கேயே இருக்கவேண்டியதாயிற்று. நான் திரும்பி வந்தபோது பேச்சியின் கட்டிலில் வேறு ஆள் படுத்திருந்தார்.

"பேச்சி எங்க?"

"வீட்டிலேக்கு விட்டு" என்றார் கம்பவுண்டர், அனுப்பியாகிவிட்டது என்று. கட்டில் போதவில்லையாம். காயம் சுத்தமாக இருந்ததாம். கட்டு மாற்ற வாரம் ஒருமுறை வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினாராம். பிறகு கம்பவுண்டர் கண்ணைச் சிமிட்டினார். "ஒரு தமாஷ் கேக்கணோ? ஆ தள்ளைக்கு வட்டு!"

அந்தத் தாய்க்குப் பைத்தியம் என்றார். நான் தோள்பையைக் கழற்றாமலே கேட்டேன். அவர் சொன்னது இதுதான்.

வீட்டுக்கு அனுப்பிய மறுநாளே குருவம்மா மகளைக் கம்பளியில் சுற்றி முதுகில் போட்டுக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள். டாக்டர் பதறிப்போய்ச் சூடு பார்த்தார். ஒன்றுமில்லை. பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கிறது. "பனியில்லா, பொய்க்கோ" என்றார். போகலாம் என்று அர்த்தம். அவள் போகவில்லை. ஜன்னலைக் காட்டி, "இருக்கே அய்யா, வெளிய பாருங்க" என்றாளாம்.

"ஜன்னலைக் காட்டி!" கம்பவுண்டருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மோள்டெ பனி ஜன்னலில்!" மகளுடைய பனி ஜன்னலிலாம்.

இன்னொரு நாள் மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "பனியுண்டோ?" என்று உட்கார்ந்தபடியே கேட்டார். "வழியெல்லாம் இருக்கு அய்யா, ஆளுக்கு ஆள் தெரியல" என்றாள். அவர் பிள்ளையின் நெற்றியில் கை வைத்தார். ஜில்லென்று இருந்தது. கத்தினார். இப்படிச் சும்மாச் சும்மா வந்தால் இனிமேல் பார்க்கமாட்டேன் என்று விரலை ஆட்டி விரட்டினார். கம்பவுண்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வராந்தாவில் இருந்த தமிழ் நோயாளிகள் யாரும் சிரிக்கவில்லையாம். எப்படிச் சிரிப்பார்கள்? வெளியே பனி வாளிவாளியாகக் கொட்டுகிறது. படித்த டாக்டர் பனி இல்லை பனி இல்லை என்று கத்துகிறார். பயந்திருப்பார்கள்.

"சார், பிள்ளையை அனுப்பும்போது டாக்டர் என்ன சொன்னாருங்க? அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்தை மாறாம."

"பனி வந்நால் உடனே கொண்டு வரணம், கேட்டோ? அத்ரதன்னே." அவ்வளவுதானாம்.

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல்.

எங்கள் கொழிஞ்சாம்பாறையில் இது குழந்தைக்கும் தெரியும். ஒருவர் "பனியா இருக்கு" என்றால் சொல்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் போர்வை எடுப்பதா கஷாயம் போடுவதா என்று முடிவு செய்வோம். கம்பத்துக்காரிக்கு யார் சொன்னார்கள்? 'கேட்டோ' என்று டாக்டர் முடித்தபோது, "கேட்டுச்சு அய்யா" என்றிருப்பாள். கேட்டது உண்மைதான். காதில் பழுதில்லை. பனி வந்தால் கொண்டு வா என்றார்கள், பனி வந்தது, கொண்டு வந்தாள். அந்த மலையில் சாயங்காலமானால் பனி வராத நாள் உண்டா? ஈரத்தில், அட்டையில், சறுக்குகிற தடத்தில், அறுத்த காலோடு பிள்ளையைச் சுமந்து, சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரே நோயாளி வீட்டார் அந்த ஆஸ்பத்திரியின் சரித்திரத்திலேயே அவள்தான். அவளைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

ஜன்னலைக் காட்டினாளே, அம்மிணிகளா! எதற்குக் காட்டுகிறாள் என்று அந்த விரல் போன திசையில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. இதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்கமுடியவில்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே வெயில். ஒரு துளி மேகமில்லை. இலை நுனியெல்லாம் வெள்ளிக்காசு.

"எப்பப் புடிச்சு இப்படி வெயிலுங்க?"

"கொறச்சு திவசமாயி" என்றார். சில நாளாகவே.

பனி இல்லையென்றால் அவள் வரமாட்டாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தாலும் வரமாட்டாள். டாக்டரிடம் போய், தோட்டக்கூலிகள் குடியிருக்கிற லயத்துக்குப் போய்க் குருவம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அவர் தலையைத் தூக்கவில்லை. "அவள் வரும். பனி வந்நால் ஓடி வரும்" என்றார். உள்ளே ஒரு ஆள் வலியில் முனகிக்கொண்டிருந்தார். நின்று விளக்க நேரமில்லை. விளக்கம் பிறகு சொல்லிக்கொள்ளலாம், கால் காத்திருக்காது. மருந்துப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஏறுகிற வழியெல்லாம் வெயில் அவ்வளவு அழகாக இருந்தது. அதற்காகவே அதைத் திட்டிக்கொண்டு ஏறினேன். மலைக்கு வந்த நாளிலிருந்து பனியைச் சபித்தவள் நான். துணி காயாது, தீக்குச்சி பற்றாது, மனசுக்குள் கூட ஈரம் கட்டிக்கொள்ளும். அன்றைக்கு, வா, ஒரு கைப்பிடியாவது வா, அவள் கதவைத் தட்டு என்று பனியைக் கெஞ்சினேன்.

லயத்தில் குருவம்மாவின் அறை மூடிக்கிடந்தது. சுவர்ச் சந்துகளில் சாக்கைத் திணித்து, ஜன்னலில் பாயைக் கட்டி, பனி நுழைய ஊசிமுனை இடம் விடாமல் அடைத்திருந்தாள். உள்ளே அடுப்பு எரிந்தது. நடுவில் பேச்சி. கண் பாதி மூடி, உதடு வெடித்து, மூச்சு நாய்க்குட்டி மூச்சாக ஓடியது. கட்டுக்கு மேலே கால் பளபளவென்று வீங்கியிருந்தது. தொட்டேன். கை சுட்டது.

"ஏனம்மிணி, எப்பப் புடிச்சு இப்படிக் கொதிக்குது?"

"முந்தாநேத்தே ஆரம்பிச்சிருச்சு நர்சம்மா. கசாயம் வச்சுக் குடுத்தேன். நிக்கல."

"தூக்கிட்டு வந்திருக்கலாமுல்ல?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "பனியே இல்லையே தாயி. நல்ல வெயிலுல்ல அடிக்குது. பனி வந்தாத்தான வரச் சொன்னாக?"

நான் ஒரு துணியை நனைத்துப் பேச்சியின் நெற்றியில் போட்டேன்.

"பனி இருக்கும்போது போனதுக்கே வெரட்டுனாக. பனி இல்லாமப் போயி நின்னா என்ன சொல்லுவாகளோன்னு..." சொல்லிக்கொண்டே மகளின் தலையைத் தடவினாள். "புண்ணுக்குப் பனி ஆகாதுன்னு எங்க ஊருலயும் சொல்லுவாக. டாக்டரய்யாவும் அதையே சொல்லவும், படிச்சவுகளும் நம்மளப் போலத்தான்னு நெனச்சேன். அங்கன கண்ணாடிச் சன்னலு இருக்கு, பனி உள்ள வராது, அதுக்குத்தான் கொண்டாரச் சொல்றாகன்னு."

பாருங்கள், எவ்வளவு ஒழுங்கான யோசனை. ஓரிடத்திலும் பிசகவில்லை.

"அம்மா, டாக்டர் சொன்ன பனி காய்ச்சல். அவிய பாசையில காய்ச்சலுக்குப் பனின்னு பேரு."

குருவம்மா அழவில்லை. வாய் மட்டும் மெல்ல அசைந்தது, அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லிப் பார்ப்பதுபோல. பிறகு மகளைத் தூக்கி முதுகில் போட்டாள். நான் பக்கவாட்டில் நடந்து, காலை ஆடாமல் இரண்டு கையிலும் தாங்கிக்கொண்டேன். இறக்கத்தில் ஒருமுறை சறுக்கினோம். பேச்சி அலறினாள். குருவம்மா, "கத்து, கத்து, நல்லாக் கத்து" என்றாள். கத்துகிறவரைக்கும் உயிர் இருக்கிறது.

டாக்டர் பார்த்த மாத்திரத்தில் முகம் மாறினார். கட்டைப் பிரித்தார். நாற்றம் அறையை நிறைத்தது. "முட்டினு மேலே எடுக்கேண்டி வரும்" என்றார் என்னிடம். முழங்காலுக்கு மேலேயே எடுக்கவேண்டி வரலாம். பிறகு குருவம்மாவைப் பார்த்துக் கத்தினார். பனி வந்தால் கொண்டு வா என்று சொன்னேன் அல்லவா என்று. என் பக்கம் திரும்பி, "தள்ளயுடெ அஸ்ரத்தையாணு. பறயூ அவளோடு" என்றார்.

பெற்றவளின் அசிரத்தையாம். அதை நான் அவளிடம் சொல்லவேண்டுமாம்.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். அவரை அந்த ஜன்னலுக்கு இழுத்துப்போய் நிறுத்தி, பாரய்யா என்று சொல்லவேண்டும் போலிருந்தது. சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். கோபத்தில் இருக்கிற கைக்குள் கத்தியைக் கொடுத்து, மேசையில் ஒரு பிள்ளையைக் கிடத்துவதா? நான் சொன்னது இவ்வளவுதான்: "அதை நான் சொல்ல மாட்டேனுங்க டாக்டர். முதல்ல காலைப் பாருங்க. எடுக்காமக் காப்பாத்த வழி இருந்தா அதைப் பாருங்க. மத்ததை நான் அப்புறம் பேசறேன். பேசாம விடமாட்டேன்."

குருவம்மாவிடம் முழுவதையும் சொன்னேன். மறுபடி அறுக்கவேண்டும், கால் போனாலும் போகலாம். அவள் தாங்கமாட்டாள் என்று மெழுகிச் சொல்ல நாம் யார்? முன்பே ஒரு சொல் வழியில் மாறிப்போனதற்கு அவள் கொடுத்துக்கொண்டிருக்கிற விலை கண்ணெதிரே கிடந்தது.

"கால் இல்லாட்டியும் எம்புள்ளதான்" என்றாள். "ஆனா நான் வெளிய நிக்கமாட்டேன்."

டாக்டர் வேண்டாம் என்று வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு கை கழுவப் போனார். குருவம்மா மகளின் தலைமாட்டில் நின்றாள். கத்தி இறங்கியபோது கண்ணை மூடவில்லை. மயக்கத்தில் கிடந்தவளின் காதில் பேர் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவர் கையைக் குறை சொல்லமாட்டேன். பழைய காயத்தைத் திறந்து, எலும்பைச் சுரண்டி, ஒளிந்திருந்த சீழையெல்லாம் தேடித் தேடி வெளியே விட்டார். வியர்வை அவர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. காலை எடுக்கவில்லை. இன்றைக்குப் பார்ப்போம் என்றார். மறுநாளும் இன்றைக்குப் பார்ப்போம் என்றார். அப்படியே ஒவ்வொரு நாளாகக் கால் தங்கிவிட்டது. முன்போல இல்லை. கணுக்கால் மடங்காது, விந்திதான் நடப்பாள். ஆனாலும் அவளுடைய கால்.

சூடு தணிந்த அன்றைக்கு நான் என் பேச்சைப் பேசினேன்.

"டாக்டர், தமிழ்ல பனின்னா மஞ்ஞு."

அவருடைய பாஷையில் மஞ்ஞு என்றால் நம்முடைய பனி. கை துடைத்துக்கொண்டிருந்தவர் துண்டோடு அப்படியே நின்றுவிட்டார். ஜன்னலைப் பார்த்தார். அப்போதுதான் பார்த்தார்! எத்தனை நாள் கழித்து! நான் கூட இரக்கப்பட்டுவிட்டேன். பிறகு அவர் சொன்னார், அவள் சந்தேகம் கேட்டிருக்கவேண்டும் என்று.

இரக்கம் போன இடம் தெரியவில்லை.

"கேட்டாளே! 'வெளிய பாருங்க'ன்னாளே! அதைவிட எப்படிங்க கேக்கோணும்? நீங்க சிரிச்சீங்க. ரண்டாவது தடவ வெரட்டுனீங்க. மூணாவது தடவ எந்த மூஞ்சிய வச்சுட்டு வருவா?"

அம்மிணிகளா, நாளைக்கு உங்கள் வார்டிலும் இந்தப் பேச்சு நடக்கும். சொன்னபடி செய்யவில்லை, பத்தியம் காக்கவில்லை, கவனமில்லாத தாய் என்பார்கள். நடக்கும்போது என்னை நினைக்கவேண்டாம். அந்த அறையை நினையுங்கள், சாக்கு அடைத்த சுவரை. நாம் தைத்து அனுப்பிவிடுகிறோம். மீதி ஆஸ்பத்திரி அவள் மடியில்தான் நடக்கிறது. டாக்டர், நர்சு, சமையல்காரி, காவல்காரி எல்லாம் அவளே. அவளுக்கு நாம் கொடுத்தனுப்பிய ஒரே கருவி ஒரு வார்த்தை. அதுவும் வேறு பூட்டின் சாவி. புரிந்ததா என்று கேட்டால் யாரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்குப் போய் என்ன செய்வாய், செய்து காட்டு என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். இதற்குப் படிப்பு வேண்டாம். வெட்கம் வேண்டும்.

பேச்சியை மறுபடி வீட்டுக்கு அனுப்பும் முன் குருவம்மாவையே என் முன்னால் கட்டு மாற்றவைத்தேன். முதல் தடவை திரி நழுவிக் கீழே விழுந்தது. "என்னத்தா, நம்ம காலு நூறு கை மாறுது" என்றாள் பேச்சி, பெரிய மனுஷி மாதிரி. பிறகு குருவம்மாவின் கை என் கையைவிடப் பதமாகப் பழகிவிட்டது. புறங்கையை நெற்றியிலும் கழுத்திலும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். காய்ச்சலை எப்படிச் சொல்வாய் என்றேன். "ஒடம்பு சுடுறது" என்றாள். வெயிலோ மழையோ, உடம்பு சுட்டால் வருவாயா என்றேன். "நீங்க கதவச் சாத்துனாலும் வருவேன்" என்றாள்.

கிளம்புகிற அன்று டாக்டர் வாசல் வரை வந்தார். பேச்சியின் கன்னத்தைத் தட்டினார். மன்னிப்புக் கேட்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துச் சொன்னார்: "காய்ச்சல் வந்தால் கொண்டு வரணும். கேட்டோ?"

குருவம்மா மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். இத்தனை நாளில் முதல்தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கேட்டுச்சு அய்யா. இனிமே வெளங்காட்டி இன்னொருக்கக் கேப்பேன். அப்பச் சிரிக்காதீக."